கணக்கேடும் கைம்முதலும்: திருகோணமலைக் கிராமப் பெண்களின் பொருளியல் விடுதலை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆய்மகளைக் காட்டுகின்றார். விடியற்காலையில் எழுந்து தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையிற் சுமந்து சென்று விற்கும் அவள், மோருக்கு மாறாகப் பெற்ற உணவுப்பொருளைக் கொண்டு சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். நெய்யை விற்கும்போதோ அதன் விலையாகப் பொன்னை ஏலாது, எருமையையும் பசுவையும் கன்றையும் பெற்றுக்கொள்கின்றாள். முல்லைநில வாழ்க்கையின் அழகிய வருணனை என்ற அளவிலேயே இப்பகுதி பெரும்பாலும் படிக்கப்படுகின்றது. பொருளியல் நோக்கோடு படிப்பார்க்கு அதனுள் நுட்பமான பாகுபாடொன்று புலனாகும். மோர் விற்ற வருவாய் அன்றாட வயிற்றுக்கு; நெய் விற்ற வருவாய் முதலுக்கு. பொன் பெட்டிக்குள் உறங்கும், எருமை ஈனும். அந்த ஆய்மகள் ஏடெடுத்துப் படித்தவளா என்பது பாட்டிற் சொல்லப்படவில்லை. ஆனால் வருவாய் வேறு, முதல் வேறு என்பதை அவள் அறிந்திருந்தாள். அம்முதலைத் தன் பெயரில் வாங்கிச் சேர்க்கும் உரிமையும் அவளுக்கு இருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற கிராமப் பெண்கள் இன்றும் சிலரேயாவர்.

திருகோணமலை மாவட்டம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். ஏறக்குறைய 2,700 சதுரக் கிலோமீற்றர்ப் பரப்புடைய இம்மாவட்டத்தில், 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பின்படி ஏறத்தாழ 3,80,000 மக்கள் வாழ்ந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் மாவட்டம் இது. உலகம் இதனை அறிந்தது இயற்கைத் துறைமுகத்தால். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும் வரை, துறைமுகமும் அதனைச் சார்ந்த பட்டறைகளும் பண்டகசாலைகளும் நகரத்து ஆடவர்க்குக் கூலி கொடுத்தன. பின்னாளில் வந்த மாவாலை முதலியனவும் பெரும்பாலும் ஆடவர்க்கே வேலை தந்தன. துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் கப்பல்கள் உண்டு, தளபதிகள் உண்டு, எண்ணெய்த் தாங்கிகளுங்கூட உண்டு. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூரிலும், தம்பலகாமத்து வயல்வெளியிலும், கிண்ணியாவிலும், நிலாவெளி தொடங்கிக் குச்சவெளி வரையுள்ள கரையோரத்திலும் பெண்கள் செய்துவந்த தொழில்களைக் காண்பது அரிது. கருவாடு, தயிர், பாய், பெட்டி, ஒடியல், இடியப்பம், நெற்கூலி என்பன அரசாங்க அறிக்கைகளில் தொழிலென எண்ணப்பட்டதே அண்மைக் காலத்திலேதான்.

எழுத்தறிவு இம்மாவட்டப் பெண்களுக்குப் புதிதன்று. மெதடிஸ்த, கத்தோலிக்க மிஷன்களின் பெண் பாடசாலைகள் முன்னரே நகரில் இருந்தன. சைவப் பெண்கள் தம் சமயச் சூழலிற் கற்பதற்கென 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் நிறுவிய பாடசாலையே இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. 1925இல் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை இராமகிருஷ்ண மிஷன் ஏற்றமையும், விபுலானந்த அடிகளாரின் கல்விப்பணி இந்நகருக்குக் கிடைத்தமையும் இதனோடு சேர்த்தெண்ணத்தக்கவை. அம்மையார் பாடசாலை தொடங்கிய அதே 1923ஆம் ஆண்டிலேதான், மணமான பெண் தன் சொத்தைக் கணவனின் தலையீடின்றித் தானே ஆளலாம் என்னும் கட்டளைச் சட்டமும் இலங்கையில் நிறைவேறிற்று. தேசவழமைக்குட்பட்ட தமிழர்க்கும், கண்டியர்க்கும், முஸ்லிம்களுக்கும் அச்சட்டம் பொருந்தவில்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பில் இலங்கை முழுவதிலும் எழுத்தறிந்த ஆடவர் நூற்றுக்கு 70 பேராயிருக்கப் பெண்கள் 44 பேரே ஆவர். 1981இல் ஆடவர் 91, பெண்கள் 83. முப்பத்தைந்து ஆண்டுகளில் இவ்வளவு தூரம் நெருங்கிவந்த நாடுகள் ஆசியாவில் மிகச் சிலவே. அதன் பின்னர் வேறுபாடு மேலும் குறைந்து, இன்று ஏறக்குறைய மறைந்தே போயிற்று. இவ்வளவு சிறப்பாக எழுத்தைக் கற்ற பெண்கள் பொருளீட்டுந் துறையிலும் அவ்வாறே முன்னேறியிருத்தல் வேண்டும் என எவரும் எதிர்பார்ப்பர். உண்மை அவ்வாறில்லை. இலங்கையில் வேலை செய்யும் வயதுடைய பெண்களுள் ஏறத்தாழ மூன்றிலொருவரே தொழிற்படையில் உள்ளனர். ஆடவருள் மூன்றில் இருவருக்கும் அதிகமானோர் உள்ளனர். எனவே, எழுத்தறிவு கிடைத்தால் பொருளியல் விடுதலை தானே வந்துசேரும் என்னும் கருத்து இந்நாட்டைப் பொறுத்தவரை போதிய ஆதாரமற்றது. இடையில் ஏதோ அறுந்திருக்கின்றது. அது எவ்விடத்தில் அறுந்தது என்பதைக் காண, ஒரு சிறு தொழிலின் கணக்கைப் பார்த்தல் நன்று.

கருவாட்டுத் தொழிலை எடுத்துக்கொள்வோர்க்கு அது எளிதில் விளங்கும். வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக்கடல் அமைதியடையும் பங்குனி தொடக்கம் புரட்டாதி வரையிலும் இக்கரையில் மீன் மிகுதி. மேற்குக் கரையிலிருந்துங்கூட மீனவர் வந்து வாடியமைத்துத் தொழில் செய்வர். விலைபோகாது மிஞ்சிய மீனை வெட்டிக் கழுவி உப்பிட்டு உலர்த்துவது பெரும்பாலும் பெண்கள் வேலை. கணக்கை எளிதாக்கும்பொருட்டு விலைகளை இவ்வாறு வைத்துக்கொள்ளலாம்: 100 கிலோ பச்சை மீன், கிலோ 300 ரூபாய் வீதம் 30,000 ரூபாய், உப்பு 1,500, பாயும் போக்குவரத்தும் 1,000, ஆகச் செலவு 32,500. உலர்ந்தபின் நிறை ஏறக்குறைய மூன்றிலொன்றாகும். 35 கிலோ கருவாடு கிடைத்து, சந்தையிற் கிலோ 1,100 ரூபாய்க்குப் போனால் வரவு 38,500. மிகுதி 6,000 ரூபாய். இரு பெண்கள் ஆறு நாள் உழைத்தார்களாயின், ஒருத்தியின் ஒரு நாளுழைப்புக்கு 500 ரூபாய் விழுகின்றது. இது பெருஞ்செல்வமன்று, எனினும் வீட்டைவிட்டு நீங்காது, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஈட்டுவது.

இக்கணக்கிற் சொல்லாதுவிட்ட ஒன்றுண்டு. அந்த 30,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? பெரும்பாலான பெண்களிடம் அப்பணம் இராது. மீனை முற்பணமாகக் கொடுப்பவர் ஒரு வியாபாரி. கருவாட்டைத் தமக்கே தருதல் வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. வட்டி கேட்பதில்லை. நல்ல மனிதரென்றே ஊரிற் பெயர். ஆனால் கருவாட்டுக்கு அவர் கொடுக்கும் விலை சந்தை விலையன்று. கிலோவுக்கு 150 ரூபாய் குறைத்து 950 என வைத்துக்கொண்டால், 35 கிலோவுக்கு 5,250 ரூபாய் குறைகின்றது. மிகுதி 6,000 அன்று, 750. ஒருத்தியின் ஒரு நாளுழைப்பின் விலை 62 ரூபாய். வட்டியே இல்லை எனக் கூறப்பட்ட 30,000 ரூபாய்க்கு, ஒரு கிழமைக்கு அவள் கொடுத்த வட்டி 5,250 ரூபாய், நூற்றுக்குப் பதினேழரை. கிழமைக்குப் பதினேழரை என்பதை ஆண்டுக்குப் பெருக்கிப் பார்க்க எவரும் துணியார். இவ்வட்டி எந்தத் துண்டிலும் எழுதப்படுவதில்லை; ஆதலால் எழுத்து வாசிக்கத் தெரிந்தவளுக்கும் அது தெரியாது. வாசிக்கக் கற்றவள் தானே ஒரு கணக்கேட்டை எழுதத் தொடங்கும்போதுதான் தெரியவரும். பாடசாலையில் எட்டாம் வகுப்புவரை கணிதம் படித்தவர்களுங்கூட, தம் வீட்டுத் தொழிலுக்கு அக்கணிதத்தைப் பொருத்திப் பார்த்தவரல்லர். தொட்டியில் நீர் நிரம்பும் நேரத்தைக் கணிக்கக் கற்பித்த பாடநூல், கருவாட்டின் அடக்கவிலையைக் கணிக்கக் கற்பித்ததில்லை.

தயிரும் பாலும் இதே இயல்பினவே. தம்பலகாமம், மூதூர்ப் பகுதிகளின் எருமைத்தயிர் பேர்பெற்றது. மண்சட்டியில் உறைந்த தயிர் வீட்டில் அவளாலேயே விலை குறிக்கப்படுவது. பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகும் பாலோ அங்கே அளக்கப்படுவது. நிலையங்கள் பாலின் கனவளவை மட்டும் பார்ப்பதில்லை. கொழுப்பின் அளவையும் ஏனைய திண்மப்பொருள்களின் அளவையும் பார்த்தே விலை கொடுக்கின்றன. அவ்வெண்கள் ஓர் அட்டையிற் குறிக்கப்படுகின்றன. அட்டையைப் படித்து, நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டு, இது ஏன் குறைந்தது எனக் கேட்கும் பெண்ணுக்கும், கொடுத்ததை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு மாத இறுதியில் ரூபாயாகத் தெரியும். பனைத்தொழிலில் நிலைமை சற்று வேறு. கட்டைபறிச்சான், சம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் சார்வோலையால் இழைக்கும் பாய், பெட்டி, சுளகு, நீற்றுப்பெட்டி முதலியவற்றுக்கு மூலப்பொருட் செலவு மிகக் குறைவு. ஆகையால் கடன் வலையும் குறைவு. ஆனால் உழைப்பு மணிக்கணக்கில் உறிஞ்சப்படுகின்றது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்ட பின்னர் பயிற்சி கிடைத்தது, புதிய வடிவங்கள் வந்தன. வாங்குவார் கூட்டம் அதே வேகத்தில் வளரவில்லை. பயிற்சிச் சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்க, பின்னிய பெட்டி மூலையிற் கிடக்கும் காட்சி கிராமங்களிற் புதுமையானதன்று. பயிற்சி கொடுப்பது எளிது என்பதனாலேயே அதனைக் கொடுத்துவிட்டுப் போகின்றவர்கள் பலர்.

கைம்முதல் தேடும் வழிகளுள் பெண்கள் தாமே கண்டது சீட்டு. பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய் இட, ஒவ்வொரு மாதமும் ஒருத்தி 20,000 ரூபாயை எடுத்துச் செல்வாள். குலுக்கி எடுப்பது ஒரு முறை. கழிவு கூறி ஏலத்தில் எடுப்பது மற்றொரு முறை. ஏலச்சீட்டில் முதல் மாதம் எடுப்பவள் பெருங்கழிவு கொடுக்கின்றாள், இறுதியில் எடுப்பவள் இலாபம் பெறுகின்றாள், கழிவே வட்டியாகின்றது. நாட்டில் இவ்வழக்கம் எவ்வளவு பரவியிருந்ததென்றால், அதனை ஒழுங்குபடுத்த 1935இலேயே சீட்டுக்கள் கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சீட்டின் வலிமை ஒருவரையொருவர் முகமறிந்திருத்தல். அதன் மெலிவும் அதுவே. ஊர் முழுவதையும் ஒரே நாளில் தாக்கும் வெள்ளமோ இடப்பெயர்வோ வந்தால் பத்துப் பேரும் ஒன்றாய் வீழ்வர்.

சீட்டின் நம்பிக்கையையும் வங்கியின் ஏட்டையும் இணைத்தது சிக்கன கடனுதவிக் கூட்டுறவு முறை. சேர்மனியில் இரைபைசன் என்பார் உழவரிடையே தொடங்கிய இம்முறை, இலங்கையில் 1906இல் கண்டிக்கு அண்மையிலுள்ள மெனிக்கின்னையில் வேரூன்றி, 1911இல் கூட்டுறவுச் சட்டத்தின் ஆதரவைப் பெற்றது. தளர்ந்து கிடந்த அச்சங்கங்களைச் சணச இயக்கம் 1978இன் பின் மீண்டும் எழுப்பிற்று. முதலிற் சேமிப்பு, பின்னர் கடன். கடனுக்குச் சாட்சி அயலவர். வட்டி மீண்டும் சங்கத்துக்கே. மேற்கூறிய கருவாட்டுப் பெண் இத்தகைய சங்கத்தில் 30,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு 2 வீத வட்டிக்குப் பெறுவாளாயின், ஒரு மாதத்துக்கு 600 ரூபாய் கொடுப்பாள். அம்மாதத்தில் நான்கு முறை மீன் வாங்கி உலர்த்தி விற்கலாம். வியாபாரிக்கு நான்கு முறையும் இழந்திருக்கக்கூடிய தொகை 21,000 ரூபாய். உதவி என்னுஞ் சொல்லின் பொருள் இங்கேதான் தெளிவாகின்றது: அவளுக்கு வேண்டியிருந்தது தானமன்று, 600 ரூபாய்க்குக் கிடைக்கும் முதல்.

பெண்கள் ஒன்றுகூடித் தொழிலும் கல்வியும் பயிலும் சங்கங்கள் இந்நாட்டில் எவ்வாறு தோன்றின என்பது சுவையான வரலாறு. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் 1897இல் கமக்காரக் குடும்பத்துப் பெண்களுக்கென முதலாவது மாதர் நிலையம் அமைந்தது. அந்நாட்டிற் பிறந்து, மருத்துவராக இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்த மேரி இரத்தினம் அம்மையார் அம்மாதிரியைப் பின்பற்றி 1930இல் இலங்கை மகளிர் சமிதியை நிறுவினார். சுகாதாரம், எழுத்தறிவு, கைப்பணி, வீட்டுத்தோட்டம் ஆகியவற்றைக் கிராமத்துக் கொண்டுசென்ற அப்பணிக்காக 1958இல் அவருக்கு மக்சாசே விருது வழங்கப்பட்டது. கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் துணையோடு வட கிழக்குக் கிராமங்களிற் பரவிய மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அதே மரபில் வந்தவையாகக் கருதத்தக்கவை. திருகோணமலையிற் போருக்குப் பின்னும் சிதையாமல் எஞ்சிய அமைப்புகளுள் அவையும் அடங்கும். கூட்டக் குறிப்பை எழுதும் செயலாளரும், பணத்தை எண்ணிக் குறிக்கும் பொருளாளரும் பெண்களேயாதலின், கிராமத்தில் எழுத்து பொதுக் காரியத்துக்குப் பயன்படும் முதலிடம் பல பெண்களுக்கு அச்சங்கத்தின் கொப்பியே ஆயிற்று.

போர் இவையனைத்தையும் புரட்டிற்று. 1983 முதல் 2009 வரை மீண்டும் மீண்டும் நேர்ந்த இடப்பெயர்வு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை. 2006இல் மாவிலாற்றுச் சண்டையைத் தொடர்ந்து மூதூர் கிழக்கு மக்கள் அனைவரும் ஊரைவிட்டு நீங்கியமை. சம்பூர் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பியது 2015இன் பின்னரே. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் 89,000 விதவைகள் உள்ளனர் என்றும், அவர்களுள் 49,000 பேர் கிழக்கைச் சேர்ந்தவர் என்றும் 2010இல் அரசுதரப்பிற் கூறப்பட்டது. நாடு முழுவதிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு குடும்பத்துக்குப் பெண்ணே தலைவி. இப்பெண்களைப் பொறுத்தவரை பொருளியல் விடுதலை என்பது மேடைப் பேச்சின் பொருளன்று. உலை வைக்க வேறு ஆளில்லாத நிலை. இறந்தவனின் சான்றிதழ், காணாமற்போனவனைப் பற்றிய முறைப்பாடு, இழந்த காணிப்பத்திரத்தின் பிரதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். கிராம உத்தியோகத்தரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும் அங்கிருந்து கச்சேரிக்கும் அலைந்த பெண்கள், அலுவலக எழுத்தைப் படிக்கக் கற்றது அவ்வரிசைகளில் நின்றேயாகும். கொடிய பாடசாலைதான், ஆயினும் கற்றார்கள்.

அவ்வேளையில் அவர்களது வாயிலுக்கே பணம் வந்தது. வங்காளதேசத்தின் யோப்ரா கிராமத்தில் 1976இல் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு 27 டொலர் கடன் கொடுத்ததிலிருந்து வளர்ந்த நுண்கடன் முறை, அடகில்லாத ஏழைப் பெண்ணையும் கடன்பெறத் தகுதியுடையவள் ஆக்கிற்று என்பதில் ஐயமில்லை. குழுவாக ஒருவருக்கொருவர் பிணை நிற்பதே அதன் அச்சாணி. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் புகுந்த கம்பனிகள் பிணையை மட்டும் எடுத்துக்கொண்டன. சேமிப்பையும் தொழிலறிவையும் விட்டுவிட்டன. ஒரு பெண்ணுக்கே மூன்று நான்கு கம்பனிகள் கடன் கொடுத்தன. ஒன்றைக் கட்ட மற்றொன்று வாங்கப்பட்டது. கிழமைதோறும் தவணை கேட்டு மோட்டார் சைக்கிளில் வருவோர்க்கு அஞ்சிப் பெண்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒளிந்திருந்ததும், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டதும் இந்நாட்டின் அண்மை வரலாறு. 2018இல் அரசாங்கம் திருகோணமலை உட்பட வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓரிலட்சம் ரூபாய்க்குட்பட்ட, தவணை தவறிய நுண்கடன்களை நீக்கும் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டில் மத்திய வங்கி, தன் உத்தரவு பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 35 வீதம் என்னும் வட்டி உச்சவரம்பை விதித்தது. 2021 மார்ச் 8இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஐம்பது நாள்களுக்கு மேல் நீடித்தது.

இக்கடனின் வட்டி எவ்வாறு மறைந்திருந்தது என்பதை விளக்குதல் பயனுடையது. நூற்றுக்கு 24 வீத வட்டிக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்க. முழுத் தொகைக்கும் ஓராண்டு வட்டி 12,000. ஆக 62,000 ரூபாய். அதனை 52 கிழமைகளுக்குப் பிரித்தால் தவணை ஏறக்குறைய 1,192 ரூபாய். கேட்பதற்கு நேரியதாகவே தோன்றும். ஆனால் 50,000 ரூபாய் அவள் கையில் முழுமையாக இருந்தது முதற் கிழமை மட்டுமே. தவணை கட்டக் கட்ட முதல் குறைகின்றது. ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால், அவள் பயன்படுத்தியது பாதியளவு பணத்தையே. வட்டியோ முழுவதற்கும் அறவிடப்பட்டது. குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி கணிக்கும் முறையிற் பார்த்தால் அது 24 அன்று, 44 வீதத்தை அண்மியது. பிரதிக் கட்டணம், காப்புறுதி, கட்டாய வைப்பு எனத் தொடக்கத்திலேயே கழிக்கப்படுவனவற்றையும் சேர்த்தால் இன்னும் ஏறும். ஒப்பந்தம் எம்மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் இக்கணக்கு அதில் விரித்துரைக்கப்படுவதில்லை. கையொப்பமிடத் தெரிந்தமையே பலரைச் சிக்கவைத்தது எனலாம். கைநாட்டு வைப்பவள் ஒருவேளை யாரிடமேனும் கேட்டிருப்பாள்.

அன்றியும், கிழமைத் தவணைக்குப் பருவம் தெரியாது. கார்த்திகை தொடக்கம் தை வரை வாடைக்கடல் கொந்தளிக்கும், வள்ளம் இறங்காது, கருவாடு உலர வெயிலும் இராது. வயலில் விதைப்புக்குப் பின் அறுவடை வரை கூலி குறைவு. இம்மூன்று மாதங்களில் 1,192 ரூபாய் எங்கிருந்து வரும்? நகை அடகுக் கடைக்குப் போகும். அல்லது இரண்டாங் கடன். தொழிலின் ஆண்டுச் சுழற்சியைப் பார்த்துத் தவணை அமைக்கும் சங்கம் தை, மாசியில் வட்டியை மட்டும் வாங்கி, மீன் வந்தபின் முதலை வாங்கும். சிறு தொழிலுக்கு உதவி என்பதிற் பெரும்பகுதி இத்தகைய எளிய அறிவே.

தமிழகத்தில் புதுக்கோட்டை மாவட்டத்திலே 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் இவ்விடயத்தில் ஓர் ஒப்புநோக்கத்துக்கு உரியது. மாவட்ட ஆட்சியராயிருந்த சீலாராணி சுங்கத் அவர்களின் ஆதரவில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றனர். சைக்கிள் கற்றவள் தன் பொருளைத் தரகனிடம் விடாது தானே சந்தைக்குக் கொண்டுபோனாள். கல்லுடைத்துக் கூலி வாங்கிய பெண்கள் குழுவாகச் சேர்ந்து கற்குவாரிகளையே குத்தகைக்கு எடுத்தனர். அப்போது அளவும் கணக்கும் படிக்கும் தேவை தானே பிறந்தது. எழுத்து முன்னா, தொழில் முன்னா என்னும் விவாதத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. ஒன்று மற்றொன்றை இழுத்துச் சென்றது. அகமதாபாத்தில் 1972இல் எலா பட் அம்மையார் தொடங்கிய சேவா சங்கமோ இன்னும் ஒருபடி முன்சென்றது. 1974இல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் இட்டுத் தமக்கென ஒரு வங்கியை அமைத்தபோது, கையொப்பமிட அறியாதவர்களின் நிழற்படத்தைச் சேமிப்புப் புத்தகத்தில் ஒட்டிக் கணக்குத் திறந்தார்கள். எழுதக் கற்றபின் வா என்று அவ்வங்கி எவளையும் திருப்பியனுப்பவில்லை. திருகோணமலையில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை: எழுதக் கற்றவர்கள் இருந்தனர்; அவர்களுக்குரிய வங்கி இருக்கவில்லை.

இனி நிலம். கிழக்கிலங்கைத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆகவே வீட்டுறுதி பெண்ணின் பெயரில் இருப்பதைக் காணலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ தமிழகத்திலிருந்தோ வருவோர்க்கு இது வியப்பளிக்கும். ஆனால் உறுதிக்காணி ஊர்மனையோடு முடிகின்றது. வருவாய் தரும் வயலிற் பெரும்பகுதி அரச காணி. குளக்கோட்டன் கதையோடு இணைந்த கந்தளாய்க் குளத்தின் கீழும், மகாவலியின் முகத்துவாரத்தை அடுத்த அல்லைத் திட்டத்திலும் குடியேறியோர்க்கு அரசாங்கம் கொடுத்தது அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது குடும்பத் தலைவனுக்கு, அதாவது பெரும்பாலும் கணவனுக்கே, எழுதப்பட்டது. பின்னுரித்தாளர் எவரையும் அவன் குறிக்காது இறந்தால், மனைவிக்குக் கிடைப்பது வாழ்நாள் உரித்து மட்டுமே. மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும் என வகுக்கப்பட்டிருந்தது. அவளுக்குப் பின்னர் அட்டவணையில் முதலில் நிற்பவன் மகன். மகளுக்கு அடுத்த இடம். சேனையிலும் வயலிலும் தாயோடு நின்று உழைத்த மூத்த மகளை விடுத்து, ஊரையே விட்டுப்போன இளைய மகன் காணிக்கு உரியவனாகலாம். வாழ்நாள் உரித்துடையவள் காணியை விற்கவோ கைமாற்றவோ இயலாள். அவளது பெயரை நம்பிப் பெருங்கடன் கொடுக்க வங்கியும் தயங்கும். கம்பனிக்காரன் வாயிலுக்கு வந்தபோது அவள் கையொப்பமிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏறத்தாழ 87 ஆண்டுகளின் பின், 2022இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் பின்னுரித்து வரிசையில் ஆணை முற்படுத்தும் ஏற்பாட்டை நீக்கிற்று. சட்டம் மாறியதைக் கிராமம் அறிய நாட்செல்லும். பழைய பத்திரங்கள் பலவும் தகரப்பெட்டிகளில் இருக்கின்றன. சில இடப்பெயர்வில் தொலைந்து, நடமாடும் சேவைகளிற் பிரதி பெறப்பட்டவை. பின்னுரித்தாளரின் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாயிருக்கின்றதா, அங்கே எவர் பெயர் உள்ளது என்பதை எடுத்துப் பார்ப்பதற்கு உயர்கல்வி வேண்டியதில்லை. நான்காம் வகுப்புத் தமிழ் போதும். வெறுமையாயிருப்பின், மனைவியின் பெயரையோ மகளின் பெயரையோ குறிப்பதற்குப் பத்திரம் உடையவர் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். அவ்விண்ணப்பத்தில் அவர் தாமே கையொப்பமிடல் வேண்டும். ஆகையால் அவர் உயிரோடிருக்கும்போதே அது செய்யப்படவேண்டிய காரியம்.